பிள்ளையை இதில் இழுக்கக் கூடாது என்கிறீர்களா?

பிரிந்த கணவன் மனைவியை, பிள்ளைக்கு இனி என்ன ஏற்பாடு என்று பேசி முடிவு செய்யும் சமரசப் பேச்சில் உட்கார வைத்து, "பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்போமா?" என்றால், பெரும்பாலும் இரண்டு பேருமே ஒரே பதிலைச் சொல்வார்கள். மற்ற எல்லாவற்றிலும் எதிரும் புதிருமாக நிற்பவர்கள் இதில் மட்டும் ஒரே கட்சி. "பாவம் அது, அதை எதுக்கு இதுல இழுக்கணும்?"

இப்படி இருவருக்கும் நடுவில் இருந்து பேச வைக்கும் சமரசர் வேலையில் நெடுநாளாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் பதிலில் இருக்கும் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் அந்த முடிவு தவறு.

பிள்ளை ஏற்கெனவே இதற்குள்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் எந்த வீட்டில் கண் விழிப்பது, லீவு யாரோடு, பள்ளி விழாவுக்கு யார் வருவது என்று பெரியவர்கள் பேசி எழுதும் ஒவ்வொரு வரியும் அதன் வாழ்க்கை. "ஃபீஸ் இன்னும் கட்டலன்னு அப்பாகிட்ட சொல்லு" என்று இங்கிருந்து ஒரு செய்தி போகிறது. "அம்மா யார்கூட போன்ல பேசிட்டிருந்தா?" என்று அங்கே ஒரு விசாரணை நடக்கிறது. இதையெல்லாம் சுமக்க அதற்கு வயது போதும். தனக்கு என்ன கஷ்டம் என்று சொல்ல மட்டும் போதாதா?

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989-இல் வந்தது. தனக்கென்று ஒரு கருத்து உருவாகும் நிலையில் இருக்கும் எந்தக் குழந்தைக்கும், தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் அதைச் சொல்ல உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்துக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2009-இல் ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைக் குழு இந்தப் பிரிவுக்கு வெளியிட்ட விளக்கவுரை, பெற்றோர் பிரியும்போது நடக்கும் சமரசப் பேச்சிலும் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கருத்துச் சொல்வது பிள்ளையின் விருப்பம், கடமை அல்ல என்றும் அதே ஆவணத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நார்வேயில் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால், பிரியும் பெற்றோர் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும். 7 வயதான பிள்ளைக்குத் தன் கருத்தைச் சொல்ல அந்த நாட்டுச் சட்டம் வாய்ப்புத் தருகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் சமரசர்களுக்கான நடத்தை நெறி, 10 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு வாய்ப்புத் தரச் சொல்கிறது. எந்த வயது சரி என்ற வாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பிறந்தநாளன்று யாருக்கும் திடீரென்று விவரம் வந்துவிடுவதில்லை. ஆறு வயதில் அழகாகச் சொல்லும் பிள்ளையும் உண்டு, பதினான்கு வயதில் வாயே திறக்காத பிள்ளையும் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளையைக் கேட்பது என்றதும் பலருக்கும் மனதில் ஒரு காட்சி வந்துவிடுகிறது. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அப்பா, நடுவில் பிள்ளை, "சொல்லு, நீ யார்கூட இருக்கணும்?" அப்படி நடந்தால் முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன். அது ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடிய கொடுமை.

முறையாக நடக்கும்போது அந்தக் கேள்விக்கே அங்கு இடமில்லை. முதலில் பெற்றோர் இருவரையும் தனித்தனியாகச் சந்தித்து, வீட்டில் அடி, மிரட்டல், பயம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருவரும் சம்மதித்த பிறகுதான் பிள்ளைக்கு அழைப்பு. வரமாட்டேன் என்று சொல்ல அதற்கு உரிமை உண்டு. பிள்ளைகளோடு பேசப் பயிற்சி பெற்ற ஒருவர் பேசுவார். சில இடங்களில் சமரசரே அந்தப் பயிற்சி பெற்றிருப்பார், சில இடங்களில் தனியாக ஒரு ஆலோசகர். பெற்றோர் அறையில் இருக்க மாட்டார்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் சேர்த்தும் தனியாகவும் பேசுவது நல்லது, ஏனென்றால் அக்கா பேசும்போது தம்பி தலையாட்டிக்கொண்டே இருப்பான். சின்னப் பிள்ளைகள் வரைவார்கள், விளையாடுவார்கள், அப்படியே பேச்சு வரும். இங்கே முடிவு எடுப்பது நீ இல்லை, அம்மாவும் அப்பாவும்தான் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில், "நீ சொன்னதில் எதை அவர்களிடம் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம்?" என்று கேட்க வேண்டும். யாராவது ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் இரகசியம் காக்க முடியாது. அதையும் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

அப்படிக் கேட்டால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் தெரியுமா? அம்மாவா அப்பாவா என்ற பேச்சு வருவது அபூர்வம். சனிக்கிழமை வீடு மாறுவதால் விளையாட்டுப் பயிற்சி போய்விடுகிறது என்பார்கள். நான் அங்கே போய்விட்டால் அம்மா தனியாக இருப்பாளே என்ற கவலை இருக்கும். தம்பியை என்னிடமிருந்து பிரிக்காதீர்கள் என்று கெஞ்சுவார்கள். ஒரு பெண் பிள்ளை கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது. அவளைக் கொண்டுவந்து விடும்போதும் கூட்டிப்போகும்போதும் வாசலில் இருவருக்கும் வாக்குவாதம் வரும். அவள் கேட்டதெல்லாம், காலையில் ஒருவர் பள்ளியில் விடட்டும், சாயங்காலம் மற்றவர் பள்ளியிலிருந்தே கூட்டிப்போகட்டும் என்பதுதான். அந்தப் பெற்றோர் அதுவரை, பிள்ளை யாரோடு எத்தனை நாள் என்ற நாள் கணக்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் நாள் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் அவர்கள் சந்திக்காமல் இருந்தால் போதும் அவளுக்கு.

இந்த மாதிரித் தகவலைப் பெற்றோர் தாங்களாக ஒருநாளும் கொண்டுவர மாட்டார்கள். அவர்களுக்கு அது தெரியாது. அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள், அப்பாவிடம் சொன்னால் அப்பா கோபப்படுவார் என்று பிள்ளை இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு இருக்கும்.

சொல்லிக்கொடுத்து அனுப்பினால் என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. எட்டு வயதுப் பிள்ளை வாயிலிருந்து "ஜீவனாம்சம்" என்று வந்தால், யாரோ பேசிப் பழக்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நேற்று என்ன செய்தாய், தூங்குவதற்கு முன் யாரோடு பேசினாய் என்று அன்றாடத்தைக் கேட்டுக்கொண்டே போனால் மனப்பாடம் தானாக உதிர்ந்துவிடும். எனக்கு இதைவிடப் பெரிய பயம் வீடு திரும்பிய பிறகு நடப்பதுதான். "என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்னே?" என்ற குறுக்கு விசாரணை. கேட்க மாட்டோம் என்று இரண்டு பேரிடமும் முன்கூட்டியே வாக்கு வாங்காமல் நான் பிள்ளையை அழைப்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் ஜெனிஃபர் மெக்கின்டோஷும் உடனிருந்த ஆய்வாளர்களும் இதை ஒப்பிட்டுப் பார்த்து 2008-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவில் பிள்ளைகளின் தேவையைப் பற்றிப் பெரியவர்களோடு மட்டும் பேசினார்கள். மற்றதில் பிள்ளைகளையே சந்தித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பிள்ளைகளைச் சந்தித்த குடும்பங்களில் ஒப்பந்தங்கள் அதிகம் நிலைத்திருந்தன, பிள்ளைகளுக்கு ஏற்பாட்டில் திருப்தி இருந்தது, அப்பாவோடு நெருக்கமும் கூடுதலாக இருந்தது. ஒரே ஆய்வை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதக் கூடாதுதான். ஆனால் நேரில் பார்ப்பதோடு அது பொருந்துகிறது.

எல்லாக் குடும்பத்துக்கும் இது ஏற்றதில்லை. வன்முறை இருந்த இடத்தில், பிள்ளை பேசியதற்காகப் பழிவாங்கக்கூடிய ஒருவர் இருக்கும் இடத்தில், செய்யவே கூடாது. கோபம் தலைக்கேறி, எதையும் காதில் வாங்கும் நிலையில் இல்லாத பெற்றோரிடமும் பிள்ளையின் வார்த்தையைக் கொண்டுபோகக் கூடாது. அதை ஆயுதமாக்கிவிடுவார்கள்.

ஏனென்றால் உண்மையான வேலை பிள்ளையோடு பேசும் அந்த ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. அப்புறம் பெற்றோரை உட்கார வைத்து, பிள்ளை அனுமதித்ததை அதன் வார்த்தையிலேயே சொல்கிறோமே, அங்கேதான் ஏதாவது நடந்தால் நடக்கும். வாரத்தில் கூடுதலாக ஒரு இரவு வேண்டும் என்று அமர்வுக்கு அமர்வு வாதாடிய ஒரு அப்பாவிடம், "அப்பா வீட்டுல என் துணி இன்னும் பையிலேயே இருக்கு" என்று மகன் சொன்னதைச் சொன்னோம். அடுத்த அமர்வில் அவர் இரவுக் கணக்கைப் பேசவில்லை. பையனுக்கு ஒரு அலமாரி ஒழித்துக் கொடுத்ததைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்ட பிறகு அந்த அம்மாவின் பேச்சிலும் பிடிவாதம் குறைந்தது.

பிள்ளை சொன்னதெல்லாம் நடக்க வேண்டியதில்லை. வேலை, வாடகை, தூரம் என்று பெரியவர்களுக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருக்கும். ஆனால் என்ன முடிவானது என்பதை அதற்குச் சொல்லியாக வேண்டும். நீ இதைக் கேட்டாய், இதைச் செய்கிறோம், இதை இப்போது செய்ய முடியவில்லை, காரணம் இது. முடிந்தால் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள், முடியாவிட்டால் பேசிய அந்த ஆலோசகரே சொல்லட்டும். கேட்டுவிட்டுப் பதிலே சொல்லாமல் விடுவது, கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

நீங்கள் இப்போது இப்படியொரு பேச்சில் இருந்தால், பிள்ளைகளோடு பேசப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று முதல் அமர்விலேயே கேளுங்கள். ஒப்பந்தத்தில் மறுபடி பேசுவதற்கு ஒரு தேதியும் போடச் சொல்லுங்கள். ஆறு வயதுக்குப் போட்ட ஏற்பாடு பத்து வயதில் பொருந்தாது. அந்தத் தேதி வரும்போது பிள்ளையிடம் மறுபடியும் கேட்க வேண்டும்.