சுருட்டை விரியன் கடித்தால் 2 மணி நேரம் பார்த்தால் போதாது

"சுருட்டை சின்னப் பாம்பு, 2 மணி நேரத்தில் ஒன்றும் ஆகாவிட்டால் பயமில்லை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள், யாராவது நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும், உண்மை. ஆனால் இதன் விஷம் இரத்தத்தை உறைய வைக்கும் சத்துகளைத் தீர்த்துவிடும். பிறகு ஈறு, சிறுநீர், சில சமயம் மூளைக்குள்கூட இரத்தம் கசியும். இது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள்.

அங்கே செய்யும் சோதனை எளிது: புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ தவறான முடிவைத் தரும். முதல் முறை உறைந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும்.

விஷமுறிவு மருந்து குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, இரத்தக் கசிவு கூடும்.

இதை "சீறாத பாம்பு" என்று நீங்கள் சொன்னதும் அரைகுறை. உடலை வளைத்துச் செதில்களை ஒன்றோடொன்று உரசி 'சரசர'வென்று ரம்பம் அறுப்பதுபோல் ஒலி எழுப்பும். வறண்ட காட்டில் கல்லைப் புரட்டும்போது அது கேட்டால் கையை எடுத்துவிடுங்கள்.