அவன் நன்றாக இருந்த நாட்களையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

பிள்ளை சோர்ந்து படுத்தால் பதறுகிறோம். ராத்திரி மூன்று மணி வரை விழித்திருந்துவிட்டு, காலையில் களைப்பே இல்லாமல் துள்ளினால் பெருமைப்படுகிறோம். பதின்வயதுப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கும் ஆசிரியை என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பெருமை சில பிள்ளைகளுக்குக் கெடுதலாக முடிகிறது.

ஓயாத உற்சாகம், படபடவென்ற பேச்சு, பத்து வேலையை ஒன்றாக இழுத்துப்போட்டுக்கொள்வது, தன்னால் ஆகாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு. இவற்றை ஹைப்போமேனிக் ஆளுமைக் கூறுகள் என்கிறது உளவியல். அமெரிக்காவில் எக்பிளாட், சாப்மன் என்ற இருவர் 1986-இல் இதை அளக்க 48 வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். அதில் அதிக மதிப்பெண் பெற்ற கல்லூரி மாணவர்களை 13 வருஷம் கழித்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிட அவர்களிடம் பைபோலார் எனும் இருமுனைக் கோளாறு, அதாவது மனநிலை அளவுமீறிய உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறிப்போகும் நோய், கூடுதலாக இருந்தது. எல்லோருக்கும் வந்துவிடவில்லை. அதனால் துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைக்கெல்லாம் தயவுசெய்து நோய்ப் பெயர் வைக்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது மாற்றத்தை. எப்போதும் வாயாடியாக இருப்பவள் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அமைதியான பையன் திடீரென்று மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி, அதுவே போதும் என்கிறான். குறுக்கே யாரையும் பேசவிடுவதில்லை. பணத்தை வாரி இறைக்கிறான், தடுத்தால் சீறுகிறான். இப்படி நாலு நாளாவது தொடர்ந்தால் ஹைப்போமேனியாவா, அதாவது அளவுமீறிய உற்சாக நிலையா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். பரீட்சைக்காகக் கண்விழிப்பவன் மறுநாள் வகுப்பில் தூங்கி விழுவான், இவன் விழமாட்டான்.

அப்புறம் ஒருநாள் அவன் சரிந்துவிடுவான். அப்போதுதான் பெற்றோர் டாக்டரிடம் ஓடுகிறார்கள். அழுகிறான், சாப்பிடவில்லை, பள்ளிக்கூடம் போகவில்லை என்று எல்லாம் சொல்கிறார்கள். அதற்கு முன்பிருந்த அந்தத் துள்ளலைச் சொல்வதில்லை. அவர்கள் கணக்கில் அது அவன் நன்றாக இருந்த காலம். அது தெரியாமல் மனச்சோர்வுக்கான மாத்திரை மட்டும் எழுதினால், இருமுனைக் கோளாறு உள்ள சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கம் எகிறிவிடும். மருந்தைக் கண்டு பயப்படச் சொல்லவில்லை, நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முழுக் கதையையும் சொல்லுங்கள்.

குடும்பத்தில் தாத்தாவுக்கோ அத்தைக்கோ இப்படி இருந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்யாணப் பேச்சு கெடும் என்று மூடி வைப்பதால் பாதிக்கப்படுவது உங்கள் பிள்ளைதான். பரம்பரைத் தொடர்பு இந்தக் கோளாறில் மிக வலுவானது.

யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.