தண்ணீரை நிறுத்தினால் போதாது
மாலை 5 மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்காவிட்டாலே குழந்தை படுக்கையை நனைப்பது நின்றுவிடும் என்று குழந்தை வளர்ப்பு பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 8 வயது மகனுக்கு நாங்களும் அதைத்தான் செய்தோம். தாகத்தோடு தூங்கினான், படுக்கை நனைந்துகொண்டேதான் இருந்தது. மருத்துவர் முதலில் கேட்டது மலச்சிக்கல் இருக்கிறதா என்று. இருந்தது, எங்களுக்குத்தான் அது தோன்றவே இல்லை. குடலில் தேங்கும் மலம் சிறுநீர்ப்பையை அழுத்துமாம். அதைச் சரிசெய்து, பகலில் தாராளமாகத் தண்ணீர் கொடுத்து, படுக்கும் முன் கழிப்பறைக்கு அனுப்பியதிலேயே வாரத்தில் பாதி நாள் படுக்கை நனையவில்லை. அப்புறம் ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் வைத்தோம். முதல் சில வாரங்கள் அந்தச் சத்தத்துக்கு எழுந்தது நாங்கள்தான், அவன் இல்லை. முழுதாகச் சரியாக மூன்று மாதம் பிடித்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் "நாலு பேர் முன்னால் சொன்னால்தான் திருந்துவான்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தூக்கத்தில் நடப்பதை எந்தக் குழந்தையும் வேண்டுமென்று செய்வதில்லை. 7 வயதில்கூட 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இது இருக்கிறது, பெற்றோருக்கு இருந்திருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். என் கணவர் தனக்கும் இருந்ததாகச் சொன்ன அன்றுதான் மகன் காலையில் போர்வையை ஒளித்துவைப்பதை விட்டான்.