மைதாவைத் திட்டுங்கள், ஆனால் சரியான காரணத்துக்குத் திட்டுங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அந்தச் செய்தி வந்துவிட்டது. மைதாவை மரவள்ளிக்கிழங்கில் செய்கிறார்களாம், எலிக்குச் சர்க்கரை நோய் வரவைக்கும் ரசாயனத்தைக் கலக்கிறார்களாம், பரோட்டா தின்றால் குடலில் பசையாக ஒட்டிக்கொள்ளுமாம். அனுப்பிய சித்தப்பா தினமும் டீயில் பிஸ்கட் தோய்த்துச் சாப்பிடுபவர். அது எந்த மாவு என்று கேட்டால் சண்டை வரும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

மைதா கோதுமைதான். மரவள்ளியில் இருந்து சேலம் பக்கம் எடுப்பது ஜவ்வரிசியும் கிழங்கு மாவும். கோதுமை மணியில் மேலே தவிடு, ஓரத்தில் முளை, மற்றதெல்லாம் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி. எடையில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த வெள்ளைதான். மில்லில் கோதுமையைச் சுத்தம் செய்து, அளவாகத் தண்ணீர் சேர்த்துப் பல மணி நேரம் அப்படியே விடுவார்கள். சூட்சுமமே இதில்தான். ஈரம் ஏறிய தவிடு தோல் மாதிரி இழுபடும், தூளாகாது, உள்பகுதியோ மிருதுவாகிவிடும். அப்புறம் வரி வெட்டிய இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே மணியை விடுகிறார்கள். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றுவதால் மணி பிளந்து, வெள்ளை சுரண்டப்பட்டு வரும். சலிப்பு, மறுபடி உருளை, மறுபடி சலிப்பு. வழியில் குருணையாகப் பிரிவது ரவை. அதையே வழவழப்பான உருளைகளில் விட்டு அரைத்துச் சலித்தால் மைதா. தவிடு மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. முளையில் எண்ணெய் இருப்பதால் மாவு சீக்கிரம் காறல் வாடை அடிக்கும், அதனால் அதையும் எடுத்துவிடுகிறார்கள்.

ஆக, மைதாவுக்குப் பயந்து ரவை உப்புமாவுக்கு மாறியவர்கள் அதே வெள்ளைப் பகுதியைத்தான் கொஞ்சம் பெரிய துகளாகச் சாப்பிடுகிறார்கள்.

ரசாயனக் கதைக்கு வருவோம். எலிக்கு ஊசியில் ஏற்றும் அந்த அலோக்சானை எந்த மில்லும் மாவில் கொட்டுவதில்லை. மாவை வெளுக்கும்போது நுண்ணிய அளவில் உண்டாகலாம் என்பதை ஊதிப் பெருக்கியதுதான் அந்தச் செய்தி. புதிதாக அரைத்த மைதா லேசான மஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டுச் சில வாரம் இருந்தால் தானே வெளுக்கும். அந்தப் பொறுமை இல்லாத இடத்தில்தான் பென்சாயில் பெராக்சைடு என்ற வெளுக்கும் ரசாயனம் வருகிறது. ஐரோப்பிய நாடுகளில் மாவை வெளுக்க அனுமதி இல்லை. இங்கேயும் வேண்டாம் என்று கேட்டால் அது நியாயமான சண்டை. ரொட்டி மாவில் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016-இல் தடை செய்தார்களே, அது ஆய்வு செய்து, விவரத்தை வெளியிட்டு, கேள்வி கேட்டதால் நடந்தது. பார்வர்டு செய்ததால் அல்ல.

பசையா? சினிமா போஸ்டர் ஒட்டுவது மைதாப் பசையில்தான், உண்மை. நாம் பட்டம் ஒட்டியது சோற்றுப் பருக்கையில். மாவுச்சத்தைத் தண்ணீரில் வேகவைத்தால் ஒட்டத்தான் செய்யும். குடலுக்குள் போனால் செரிக்கும்.

எனக்கு இந்த மாவின் மேல் ஒரு மரியாதையே உண்டு. பரோட்டா மாஸ்டர் மாவை அடித்துப் பிசைந்து, எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடிவைப்பார். உருண்டை பிடித்தபின் மறுபடியும் எண்ணெயில் ஊறவேண்டும். பிசையப் பிசைய குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் வலை மாதிரி பின்னிக்கொள்ளும், ஊற ஊற அது தளரும். அதனால்தான் வீசும்போது மேடை தெரிகிற அளவுக்கு விரிந்தும் கிழிவதில்லை. அதே மாவில் பாதுஷா செய்பவர் நேர்மாறு. முதலில் நெய்யையோ வனஸ்பதியையோ மாவில் உதிரியாகத் தேய்த்துவிட்டு, பிறகு தயிரோ தண்ணீரோ தெளித்து, அழுத்திப் பிசையாமல் கூட்டிச் சேர்ப்பார். கொழுப்பு மூடிய மாவில் வலை பின்னாது. வாயில் போட்டதும் உடைகிறது.

மைதாவைக் குறை சொல்ல உண்மையான காரணம் சாதாரணமானது: நார்ச்சத்தும், பி வைட்டமின்களில் பெரும்பங்கும் தவிட்டோடும் முளையோடும் போய்விட்டன. ஆனால் தீட்டிய வெள்ளை அரிசிக்கும் இதே கதிதானே? மாதத்தில் ஒருநாள் தின்னும் பரோட்டாவுக்கு இத்தனை வசவு, நாள் தவறாமல் தட்டில் குவியும் பொன்னி சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரோட்டாவில் பார்க்கவேண்டியது அதில் இறங்கும் எண்ணெயின் அளவு. அதையும் யாரும் பேசுவதில்லை.

எனக்கு எரிச்சல் வருவது பரோட்டா கடைமேல் இல்லை, 'கோதுமை' என்று விற்கிறவர்கள்மேல். முழுக்கோதுமை மாவில் தவிட்டுத் துகள் அந்த வலையை அறுக்கும், அவ்வளவு மெல்லிசாக வீச வராது. கண்ணாடி மாதிரி விரிகிற 'கோதுமை பரோட்டா'வில் மைதா எவ்வளவு என்று மாஸ்டரிடமே கேளுங்கள். பழுப்பு ரொட்டியின் கவரைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கித்தான் அச்சிட வேண்டும். முதலில் மைதாவும் கடைசியில் கேரமல் நிறமும் இருந்தால், அந்தப் பழுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதற்குப் பரோட்டாவே சாப்பிடலாம். சால்னாவாவது இலவசமாக ஊற்றுவார்கள்.