தூறல் நாளுக்கும் வெள்ள நாளுக்கும் ஒரே கருநீலமா?

போன ஐப்பசியில் சேரன்மகாதேவியில் இருக்கிற பெரியப்பாவுக்கு ஒரு படம் அனுப்பினேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்து மழையளவையும் 'ஆர்' என்ற புள்ளிவிவர மென்பொருளில் கொடுத்து, வெள்ளையில் தொடங்கிக் கருநீலத்தில் முடிகிற மாதிரி வண்ணம் ஏற்றிய வரைபடம். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"ஏல, என்னல இது? படத்தப் பாத்தா அந்த மார்கழி வெள்ளம் மாரில்லா இருக்கு! இங்கன மண்ணுகூட சரியா நனையலயே."

அவர் சொன்னது சரி. அன்றைக்கு மூன்று மாவட்டத்திலும் எந்த இடமும் 2 செ.மீ.யைத் தாண்டவில்லை. நாம் எதுவும் சொல்லாமல் விட்டால், ஆரில் படம் வரைகிற ஜிஜிபிளாட்2 என்ற கருவி, நாம் கொடுத்த எண்களில் சிறியதை ஒரு முனையிலும் பெரியதை மறுமுனையிலும் வைத்து வண்ணத்தை நிரவிவிடும். அதனால் 2 செ.மீ.க்குக் கருநீலம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்ததே, அந்த நாளின் படத்திலும் அதே கருநீலம்.

"பக்கத்தில் வண்ணப் பட்டையும் எண்ணும் இருக்கிறதே" என்று சொல்வார்கள். கைபேசியில் அந்தப் பட்டையைப் பெரிதாக்கிப் படிப்பவர் யார்? வண்ணம் முதலில் கண்ணில் படும், பயமும் கூடவே வந்துவிடும். தாமிரபரணி வீட்டுக்குள் வந்து போன ஊர்க்காரர்களுக்கு இந்தப் படம் போகிறது. தினமும் மழைப் படம் போடுகிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: வண்ணத்தின் இரு முனைக்கும் எல்லையை நீங்களே எழுதுங்கள், எல்லா நாளுக்கும் அதே எல்லையை வையுங்கள். 'லிமிட்ஸ்' என்ற ஒரே ஒரு சொல்தான்.

ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. எல்லையை 0 முதல் 50 என்று வைத்துப் பார்த்தேன். டிசம்பர் 18 படத்தில் காயல்பட்டினமும், 69 செ.மீ. பெய்த திருச்செந்தூரும் சாம்பல் நிறமாகிவிட்டன. எல்லைக்கு வெளியே போகிற எண்ணை ஜிஜிபிளாட்2 'தரவு இல்லை' என்று தள்ளிவிடும். மழை அதிகம் அடித்த இடமே அளவு வராத இடம் மாதிரி தெரிந்தால், அந்தப் படம் இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல். எல்லை தாண்டிய எண்ணை முனையிலேயே நிறுத்துகிற 'ஸ்குவிஷ்' கொடுத்தால் சாம்பல் போய்விடும். ஆனால் 69-ம் 95-ம் ஒரே நிறமாகும், அதுவும் எனக்கு ஒப்பவில்லை.

சரி, 0 முதல் 100 என்று வைத்தால்? 1 செ.மீ. மழை பட்டையில் நூறில் ஒரு பங்கு நகரும், கண்ணுக்கே தெரியாது. பிசான நெல் நடவுக்கு வானம் பார்த்து நிற்பவருக்கு அந்த ஒரு செ.மீ. பெரிய விஷயம். கடைசியில் வர்க்கமூல அளவுக்கு மாற்றினேன். அதில் 1 செ.மீ. பட்டையில் பத்தில் ஒரு பங்குக்கு வரும், 25 செ.மீ. நடுவில் நிற்கும், 95 முனையை ஒட்டி நிற்கும். தூறலும் தெரிகிறது, பேய்மழையும் தெரிகிறது.

வானவில் வண்ணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நடுவில் வரும் மஞ்சள் பளிச்சென்று அடித்து, மழையில் இல்லாத எல்லைக்கோட்டைப் படத்தில் கிழித்துவிடும். அதற்கு மாற்றாக ஸ்டெஃபான் வான் டெர் வால்ட், நதானியேல் ஸ்மித் இருவரும் 2015-ல் பைதான் மொழியில் படம் வரைகிற மேட்பிளாட்லிப்புக்காக உருவாக்கிய 'விரிடிஸ்' என்ற வண்ண வரிசை ஆருக்கும் வந்துவிட்டது. வெளிச்சம் சீராக ஏறும், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் படிக்கலாம். மழைக்கு மட்டும் நான் அதை எடுப்பதில்லை. அதில் அதிகமானது மஞ்சளாக வரும். ஜிஜிபிளாட்2-ன் இயல்பான நீலத்திலும் அதிகமானது வெளிர்நிறம்தான். பொதிகைப் பக்கம் கருத்தால் குடையை எடுக்கிற ஊரில் கருப்புதான் மழை. அதனால் திருப்பி வைத்திருக்கிறேன்.

மாற்றிய படத்தை மறுநாள் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். மாஞ்சோலைப் பக்கம் மட்டும் லேசான நீலம், கீழே எல்லாம் கிட்டத்தட்ட வெள்ளை.

"மலையில விழுந்திருக்கு, நமக்கு இல்ல. கன்னடியன் கால்வாய்ல தண்ணி எம்புட்டு வருதுன்னு பாத்துட்டு வாரேன்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.