தொண்டிக் கடலும் துப்பறியும் கதையும்

கடலோரச் சிற்றூர்களில் நடக்கும், ரத்தம் அதிகம் சிந்தாத துப்பறியும் நாவல்களுக்குக் கடலே உயிர் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். 1890இல் டார்க்கீ என்னும் கடற்கரை ஊரில் பிறந்த துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டியின் இங்கிலாந்துக்கு அது பொருந்தலாம். அங்கே பிரிஸ்டல் கால்வாயில் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறத்தாழ 14 மீட்டர் வரை ஏறி இறங்குவதால், பிணம் கரை ஒதுங்கிய நேரமே துப்பாகிவிடும். எங்கள் காரைக்குடிக்குத் தென்கிழக்கே உள்ள தொண்டியிலோ ஓதம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை என்பதால், அங்கே கதை எழுதுபவர் வாடை, கச்சான் என்னும் காற்றுகளை அறிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் (செட்டிநாட்டுக்காரன் வேறென்ன சொல்வேன்!) கடலே வேண்டாம், முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு, பங்காளிகள் கூடும் நாளில் மட்டும் திறக்கப்படும் வீடு ஒன்று போதும். காவல்காரரின் கொத்தில் துருவேறிய சாவிகளுக்கிடையே ஒன்று மட்டும் எண்ணெய் மினுமினுப்போடு இருந்தால், வாசகர் நிமிர்ந்து உட்காரமாட்டாரா?