குடித்தவரை அறையலாம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

சனிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்த அண்ணனைப் போலீஸ் நிறுத்தி, அறைந்து, ஸ்டேஷனில் உட்காரவைத்ததை ஞாயிறன்று இங்கே எழுதியிருந்தேன். படித்திருப்பீர்கள். அதன் கீழே வந்த கருத்துகள் ஒன்று விடாமல் படித்துவிட்டேன். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. இது மற்றவர்களுக்கு.

"குடிச்சிட்டு ரோட்டுல போனா போலீஸ் கொஞ்சுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "ரெண்டு போட்டாத்தான் புத்தி வரும்" என்று இன்னொருவர். அதற்கு நாற்பது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். அந்த நாற்பதில் மூன்று பேர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். எங்கள் வீட்டுக்கு வந்து, அண்ணன் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள். அந்தப் பெயர்களைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து இப்போதுதான் எழுத முடிகிறது.

அண்ணன் குடித்திருந்தார். அன்றைக்கே எழுதினேன், மறைக்கவில்லை. பெயிண்டிங் வேலை செய்கிறவர். சனிக்கிழமை வாரக் கூலி கைக்கு வரும், ஒரு குவாட்டர் போடுவார். வண்டியில் வந்து மாட்டினால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று தெரியும் என்பதால் சனிக்கிழமைகளில் வண்டியை எடுக்கவே மாட்டார். பஸ்ஸில் போய், நடந்து வருவார். கடை மூடுவது பத்து மணி. அவரை நிறுத்தியது பத்தேகால். ஊதச் சொன்னார்கள், ஊதினார். பெயர் கேட்டார்கள், சொன்னார். போலீஸ் வண்டியில் ஏறு என்றார்கள். "நடந்துதான சார் போறேன், எதுக்கு சார் ஏறணும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குத்தான் அறை விழுந்தது. குடித்ததற்கு இல்லை. இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஊதும்போது அடிக்கவில்லை. கேள்வி கேட்டபோது அடித்தார்கள்.

சரி, குடித்துவிட்டுத் தெருவில் நடந்தது குற்றமாகவே இருக்கட்டும். அதற்கு என்ன தண்டனை என்று சட்டம் சொல்லியிருக்கிறது இல்லையா? திங்கட்கிழமை கோர்ட்டில் பார்த்த காகிதத்தில் பிரிவு 75 என்று இருந்தது. மாநகரக் காவல் சட்டம், 1888-ல் வெள்ளைக்காரன் போட்டது. அதன் வாசகத்தை வக்கீல் நண்பர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். குடித்திருந்தால் மட்டும் போதாது, குடித்துத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத நிலையில் இருக்க வேண்டும், அல்லது கலாட்டாவோ அசிங்கமோ செய்திருக்க வேண்டும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-ம் பிரிவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. குடிபோதையில் பொது இடத்துக்கு வந்து அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுத்தால் 24 மணி நேரம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. பழைய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய். சட்டத்தில் இத்தனை எழுதினவர்கள் கன்னத்தில் அறையலாம் என்று ஒரு வரி எழுதவில்லை. எழுதாத தண்டனையைக் கொடுக்க அறைந்த போலீஸ்காரருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்னொன்றும் நண்பர் சொன்னார். 1971-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில், வாயில் வாடை வந்தது, தள்ளாடினார், பேச்சு குழறியது என்பதை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது, ரத்தத்தையோ சிறுநீரையோ சோதித்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறதாம். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் போதைச் சான்று கொடுக்கும்போதுகூட, குடித்திருக்கிறார் என்பது வேறு, போதையின் பிடியில் இருக்கிறார் என்பது வேறு என்று பிரித்துத்தான் எழுதுவார். அண்ணனை எந்த டாக்டரிடமும் கூட்டிப் போகவில்லை.

எங்கள் வீட்டுக்கும் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் ஓடி வந்து சொல்லித்தான் தெரியும். நான் ஸ்டேஷனுக்குப் போனபோது பதினொன்றரை. "காலையில வா" என்றார்கள். வெளியே புளியமரத்தடியில் நின்றேன். ஜன்னல் வழியே அண்ணன் தெரிந்தார். சட்டை இல்லாமல், லுங்கியைக் கழற்றவைத்து, தரையில் உட்காரவைத்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயது மனிதர். விரல் இடுக்கில் வெள்ளை பெயிண்ட் காய்ந்திருந்தது. ஒரு கால் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் திரும்பலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அப்பா கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கினார். 1993-ல் எனக்குப் பத்து வயது. ஒரு ராத்திரி அம்மா என்னை எழுப்பி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். குழந்தையைப் பார்த்தால் விடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா ஜட்டியோடு உட்கார்ந்திருந்தார், முதுகில் லத்தித் தடம். என்னைப் பார்த்ததும் முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். அதற்கப்புறம் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட வந்ததே இல்லை. குடியை விட்டாரா? இல்லை. சாகிற வரைக்கும் குடித்தார். என் கண்ணைப் பார்த்துப் பேசுவதை மட்டும் விட்டார். ரெண்டு போட்டால் புத்தி வரும் என்கிறவர்களே, எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

நான் குடிப்பதில்லை. குடிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எழுதிய அக்கா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குடி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா அடகு வைத்த தோடு இன்னும் மீளவில்லை.

ஒரே ஒரு கேள்வி என்னை யோசிக்க வைத்தது. "ராத்திரியில குடிகாரங்க நிக்கிற தெருவுல நாங்க நடக்கிறோம், அது உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். தெரியும். என் மனைவி டியூஷன் முடித்து வரும்போது கடை இருக்கும் தெருவை விட்டுச் சுற்றித்தான் வருகிறாள். போலீஸ் வண்டி நிற்பதைப் பார்த்தால் அவளுக்கு நிம்மதி. அந்த நிம்மதி பொய் இல்லை. பெண்களிடம் வம்பு செய்கிறவனைப் பிடியுங்கள், வழக்குப் போடுங்கள், உள்ளே வையுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் தங்கச்சி, அண்ணன் யாரிடமும் வம்பு செய்யவில்லை. ஓரமாக வீட்டுக்கு நடந்தார். அவரை அறைந்ததால் உங்கள் தெருவில் எதுவும் மாறவில்லை.

போலீசுக்கும் மன அழுத்தம், நைட் டியூட்டி என்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. நைட் டியூட்டி நர்சுக்கும் உண்டு. யாரையும் அறைவதில்லை.

விற்பது யார் என்பதையும் கேட்க வேண்டும். 2003-லிருந்து சில்லறை மதுக்கடையை நடத்துவது அரசாங்கம். 2023-24-ல் மட்டும் அதில் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து, பக்கத்திலேயே பார் வைத்து, பத்து மணிக்கு வெளியே அனுப்பி, பத்தேகாலுக்குத் தெருமுனையில் பிடிக்கிறார்கள். குடித்தவர் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும்? ஓட்டினால் குற்றம், நடந்தால் குற்றம். பெரிய ஓட்டல் பாரிலிருந்து டிரைவர் வைத்த காரில் ஏறிப் போகிறவரை யாரும் ஊதச் சொல்வதில்லை, "டேய்" என்று கூப்பிடுவதில்லை. அண்ணன் விரலில் பெயிண்ட் இருந்தது, அதுதான் வித்தியாசம். இதைச் சொன்னால் சாதி, வர்க்கம் என்று இழுக்கிறேன் என்பீர்கள். நான் இழுக்கவில்லை, அது அந்த "டேய்"யிலேயே இருக்கிறது.

2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தபோது நீங்கள் எல்லாரும் எழுதினீர்கள். ஸ்டேஷனில் அடிபட்டுச் செத்த அப்பா-மகன் ஜெயராஜ், பென்னிக்ஸ் படத்தை முகப்பில் வைத்தீர்கள். ஊரடங்கில் நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்தார்கள், அதுதான் அவர்கள் மேல் சொன்ன புகார். அன்றைக்கு யாராவது நேரத்துக்குக் கடையை மூடியிருக்கலாமே என்று கேட்டீர்களா? கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. செத்த பிறகுதான் அநியாயம் என்று தோன்றுமா? அதுவும் இப்படி ஒரு கேள்வியில்தான் தொடங்கியிருக்கும், ஒரு அறையில்தான் தொடங்கியிருக்கும். அண்ணன் உயிரோடு திரும்பி வந்ததால் அவருக்கு நடந்தது சின்ன விஷயமாகிவிட்டது உங்களுக்கு.

திங்கட்கிழமை அண்ணன் ஏன் கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டார், ஒத்துக்கொண்டால் தப்புதானே என்று கேட்டார் ஒருவர். ஒத்துக்கொண்டால் ஐநூறு ரூபாய், அன்றைக்கே முடிந்துவிடும். மறுத்தால் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி ஆயிரம் ரூபாய் போகும், மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வார். வரிசையில் அண்ணனோடு நின்றவர்கள் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஒருவரிடமும் டாக்டர் சான்று இருந்ததாகத் தெரியவில்லை. பெயரைக் கூப்பிட்டு, தலையாட்டி, பணம் கட்டி வெளியே வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். வக்கீல் தேவையில்லை, நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஸ்டேஷன் கேமரா பதிவைக் கேட்டிருக்கிறேன். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்க வேண்டும், முடிந்தால் பதினெட்டு மாதம், குறைந்தது ஒரு வருடமாவது பதிவை வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. கைது செய்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும், காவலர் சட்டையில் பெயர் தெரிய வேண்டும் என்பதெல்லாம் 1996-லேயே சொன்னது. அண்ணனை அறைந்தவர் சட்டையில் பெயர்ப் பட்டை இல்லை.

மனுவில் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று ராத்திரி காகிதத்தையும் பேனாவையும் கொண்டுபோய் வைத்தேன். அண்ணி பக்கத்தில் நின்றார். அண்ணன் முழுதும் படித்தார், "அறைந்தார்" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம், "விடுடா, நாளைக்கும் அந்த வழியாத்தானே நான் வரணும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

காகிதம் அவர் தலைமாட்டில் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும்போது மாடியிலிருந்து பார்த்தேன். மெயின் ரோட்டுக்குப் போகாமல், பின்னால் சாக்கடை ஓரமாக இருக்கும் சந்தில் திரும்பினார்.